அரண்மனை என்றால் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

மண்டபத்தில் இருந்து வேன் ஓட்டும் ஒரு தம்பி கேட்டிருந்தார். ராமேஸ்வரம் வரும் வெளியூர்க்காரர்களைத் திரும்புகிற வழியில் ராமநாதபுரம் அரண்மனைக்கும் கூட்டிக்கொண்டு போகிறாராம். உள்ளே போய் இராமலிங்க விலாசம் என்ற கட்டடத்தைப் பார்த்ததும் பாதிப் பேர், "இதுதான் அரண்மனையா? ஒரு பெரிய மண்டபம் மாதிரி இருக்கே" என்று முகம் வாடிவிடுகிறார்களாம். எல்லாரும் மைசூரையும் மதுரை மஹாலையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள். "டீச்சர், அரண்மனைன்னா சரியான அர்த்தம் என்ன? மாளிகை, மஹால், கோட்டை எல்லாம் வேற வேறயா? நம்ம ஊர்ல மட்டும் ஏன் விலாசம்னு பேரு? அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" இதுதான் அவர் கேள்வி.

தம்பி, சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில் இருந்து தொடங்குவோம். வந்தவர்களின் ஏமாற்றத்துக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

அரண் + மனை = அரண்மனை. அரண் என்றால் காவல், பாதுகாப்பு. பகைவன் எளிதில் உள்ளே வர முடியாதபடி தடுத்து நிற்கிற எதுவும் அரண்தான். திருக்குறளில் 75-ஆவது அதிகாரத்துக்கே அரண் என்று பெயர். அதில் ஒரு குறள்:

மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற்
காடும் உடைய தரண்.

தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் அடர்ந்த காடு. இந்த நான்கும்தான் அரண் என்கிறார் வள்ளுவர். நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என்று உரைக்காரர்கள் பெயர் சொல்வார்கள். இதில் மதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மதிலின் உயரமும் அகலமும் உறுதியும் அடுத்த குறளில்தான் வருகின்றன. முதலில் இயற்கை, அப்புறம்தான் மனிதன் எழுப்பிய சுவர். நம் பக்கத்தில் மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கடலும் கண்மாயும் இருந்தன, பொட்டல் இருந்தது, முள்ளுக்காடு இருந்தது. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் இந்த மூன்றையும் நம்பித்தான் இருந்தார்கள்.

இன்றைக்கும் இந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. "அண்ணன்தான் குடும்பத்துக்கு அரணா நின்னார்" என்கிறோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் நம் கரைக்கு இயற்கை அரண் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதே அரண்தான் இது.

மனை என்றால் வீடு. மனைவி, மனையாள், மனையறம் எல்லாம் அதில் இருந்து வந்தவை. இன்று சாலை ஓரத்தில் "வீட்டு மனைகள் விற்பனைக்கு" என்று கல் நட்டு வைத்திருக்கும் வெற்று நிலத்துக்கு மனை என்கிறோம். வீட்டுக்கு உரிய சொல் வீடு கட்டப்போகும் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. பழைய வழக்கில் ராஜாவின் வீட்டுக்கும் மனை என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்று ஒரு பாட்டு. அதில் பாண்டியனுடைய இருப்பிடத்தைக் கட்டத் தொடங்கும் காட்சி வருகிறது. நடுப்பகலில் கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நேரம் பார்த்து, நூல் தெரிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசை குறிக்கிறார்கள். "பெரும்பெயர் மன்னர்க்கு ஒப்ப மனை வகுத்து" என்று முடிக்கிறார் நக்கீரர். மன்னனுக்குப் பொருந்துகிற மாதிரி மனையை வகுத்தார்களாம். வாசலோ, வெற்றிக் கொடி ஏந்திய யானை அப்படியே நுழையும் அளவுக்கு உயரம், குன்றைக் குடைந்தது போல இருந்தது என்று அடுத்து வருகிறது. அவ்வளவு பெரிய கட்டடத்துக்கும் கவிஞர் எடுத்த சொல் மனைதான். உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் உள்ள அதே சொல்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். என் அப்பத்தா ஒருநாளும் அரண்மனை என்று சொன்னதில்லை, "அரமனை" என்றுதான் சொல்வார். "அரமனைக்கு வாரம் அளந்தது போக மிச்சம்தான் நமக்கு" என்று திருப்புல்லாணிப் பக்கத்து வயல் கதை சொல்லுவார். வாரம் என்றால் விளைச்சலில் கொடுக்க வேண்டிய பங்கு. சின்ன வயசில் அது கொச்சை என்று நினைத்திருந்தேன். படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது, கன்னடத்தில் அரண்மனைக்கு அரமனெ என்றே பெயர். மைசூர் அரண்மனை அவர்களுக்கு மைசூரு அரமனெ. மலையாளத்திலும் அரமன உண்டு. இன்று அங்கே பெரும்பாலும் பிஷப்பின் இல்லத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். கன்னட அரமனெயை அரசன் என்ற சொல்லின் குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அரச மனை, அதாவது அரசன் வீடு. அப்படிப் பார்த்தால் அப்பத்தா சொன்னது சிதைந்த சொல் அல்ல, ஒரு பழைய வடிவம். என் எண்ணத்தைக் கேட்டால், பேச்சில் இருந்த அரமனைக்கு அரண் என்ற பொருள் பளிச்சென்று பொருந்தியதால் எழுத்தில் அரண்மனை நிலைத்திருக்கும். இரண்டு விளக்கமும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளவில்லை. காவல் செய்ய வேண்டியவன் அரசன், காவலன் என்பதே அவனுக்கு இன்னொரு பெயர்.

எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். மூன்று சுழி ண்தான் போட வேண்டும். அரன்மனை என்று இரண்டு சுழி போட்டால் சிவபெருமான் வீடு என்று ஆகிவிடும், ஏனென்றால் அரன் சிவனின் பெயர். ஒரு வழிகாட்டிப் பலகையிலேயே அந்தப் பிழையைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

சரி, மாளிகைக்கு வருவோம். இங்கேதான் உங்கள் சுற்றுலாக்காரர்களின் குழப்பம் இருக்கிறது.

மாளிகை என்பது கட்டடத்தைப் பார்த்து வைக்கும் பெயர். உயரம், மாடி, அலங்காரம், பல அறைகள் இருந்தால் மாளிகை. யார் வேண்டுமானாலும் அதில் இருக்கலாம், காசு இருந்தால் நீங்களும் நானும் கட்டலாம். அரண்மனை அப்படி இல்லை. அதில் யார் இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வரும். தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்தால் உங்களுக்கே புரியும். லண்டனில் இருப்பது பக்கிங்ஹாம் அரண்மனை, வாஷிங்டனில் இருப்பது வெள்ளை மாளிகை. ஒருவரும் மாற்றி எழுத மாட்டார்கள். டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு 340 அறைகள். எத்தனையோ சமஸ்தானத்து அரண்மனைகளைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். ஆனாலும் அது மாளிகைதான். கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் பிரதமருக்கு உரிய வீட்டை இலங்கைத் தமிழர்கள் அலரி மாளிகை என்கிறார்கள். தேர்தலில் வந்தவர் இருந்தால் மாளிகை, பரம்பரையாக ஆண்டவர் இருந்தால் அரண்மனை. இந்த வேறுபாட்டை யாரும் உட்கார்ந்து விதி போட்டு வகுக்கவில்லை. தமிழ் பேசுகிறவர்களின் காது தானாகவே பிரித்து வைத்திருக்கிறது.

அதனால்தான் ஆட்சி போனாலும் பெயர் போகவில்லை. 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் பதவியில் இருந்து இறக்கிச் சிறை வைத்தார்கள். 1803-ல் அவருடைய தமக்கை மங்களேஸ்வரி நாச்சியாரை ஜமீன்தாரிணியாக ஏற்றுக்கொண்டார்கள். சட்டப்படி அன்றோடு இந்த நாட்டில் அரசர் இல்லை, ஜமீன்தார்தான். ஆனால் சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தரை 1897 ஜனவரியில் பாம்பனில் வரவேற்ற பாஸ்கர சேதுபதியை மக்கள் மகாராஜா என்றுதான் சொன்னார்கள், அவர் வீட்டை அரண்மனை என்றுதான் சொன்னார்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து ஜமீனும் போயிற்று. இன்று ராமநாதபுரத்தில் டவுன் பஸ்ஸில் ஏறி "அரண்மனை ஒண்ணு" என்றால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். ஆர்ப்பாட்டமா, பொதுக்கூட்டமா, அரண்மனை முன்புதான். குடிமக்கள் குறை சொல்ல வந்து நின்ற இடத்தில் இன்றைக்கும் குடிமக்கள் குறை சொல்ல வந்து நிற்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இது எனக்குத் தோன்றும்.

பேச்சில் இன்னொரு வழக்கும் உண்டு. பழைய ஜமீன் ஊர்களில் வயசானவர்கள் வீட்டை மட்டும் அல்ல, ஆளையே அரண்மனை என்பார்கள். "அரமனை வர்றாக, எந்திரி" என்றால் கட்டடம் நடந்து வருகிறது என்றா பொருள்? ஜமீன்தார் வருகிறார். பெயர் சொல்லக் கூடாது என்ற மரியாதையில் வந்தது இது. புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் வாசலில் போய் நின்று "வாயிலோயே வாயிலோயே" என்று கூப்பிடுகிறாள் அல்லவா, அதற்குப் பிறகு இளங்கோவடிகள் எழுதுகிறார்: "வாயில் வந்து கோயில் காட்டக் கோயில் மன்னனைக் குறுகினள்." இங்கே வாயில் என்றது வாயிற்காவலனை. வாசலே வந்து வழி காட்டியது போல எழுதிவிட்டார். வாசலில் நிற்பவன் வாயில், அரண்மனையில் இருப்பவர் அரண்மனை. அப்பத்தா காலத்துப் பேச்சும் இளங்கோவின் நடையும் ஒரே தடத்தில் போகின்றன.

பழமொழிகளில் அரண்மனை பெருமைக்கு மட்டும் வரவில்லை. "அரண்மனைக்கு ஆயிரம் செல்லும், குடியானவன் என்ன செய்வான்?" என்று ஒன்று உண்டு. வாரம் அளந்தவர்களின் வலி அதில் இருக்கிறது. "அரண்மனை காத்தவனும் அடுப்பங்கரை காத்தவனும் வீண்போகார்" என்று இன்னொன்று. அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஏதாவது கிடைக்கும் என்பது.

மேலே சொன்ன சிலப்பதிகார வரியில் இன்னொரு சொல்லையும் பார்த்திருப்பீர்கள். "கோயில் காட்ட." கண்ணகி போனது மீனாட்சி கோயிலுக்கு இல்லை, பாண்டியன் அரண்மனைக்கு. கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. கோ + இல் சேர்ந்து கோயில். அரசன் வீட்டுக்கு உரிய பழைய சொல் அதுதான். அதே நூலில் "பிறவா யாக்கைப் பெரியோன் கோயிலும்" என்று சிவன் கோயிலுக்கும் அதே சொல் வந்துவிட்டது. கோட்டம், நகர் என்று தெய்வம் இருக்கும் இடத்துக்கு வேறு பெயர்களும் அப்போது இருந்தன. போகப் போகக் கோயில் முழுக்கச் சாமிக்கே போய்விட்டது. அரசனுக்கு மாளிகையும் அரண்மனையும் வந்தன. சோழர் காலத்தில் திருமாளிகை என்ற சொல் நன்றாகப் புழங்கியது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திர சோழன் அரண்மனை இருந்த இடத்தைத் தோண்டினார்கள். அந்த இடத்தின் பெயரே மாளிகைமேடு. சுவர் எல்லாம் மண்ணுக்குள் போன பிறகும் ஊர்க்காரர்கள் பெயரை விடவில்லை.

நகர் என்ற சொல்லும் ஒரு காலத்தில் பெரிய வீட்டுக்கு, அரண்மனைக்கு வழங்கியதுதான். சங்கப் பாட்டில் வியன்நகர் என்றால் அகன்ற பெரிய இல்லம். தெலுங்கில் நகரு என்றால் அரண்மனை. நமக்கு இப்போது பஸ் நிற்கும் புதுக் குடியிருப்புகள் எல்லாம் நகர்.

இப்போது நம் ஊர் கட்டடத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், தம்பி.

சேதுபதிகள் முதலில் போகலூரில் இருந்தார்கள். ராமநாதபுரத்துக்குத் தலைநகரை மாற்றிக் கோட்டை கட்டியவர் 1710-ல் மறைந்த கிழவன் சேதுபதி. கோட்டை என்பது மதிலும் அகழியும் சூழ்ந்த மொத்த இடம். அதற்குள் அரண்மனை, தெரு, கோயில், படைவீடு எல்லாம் அடங்கும். வெளிப்பட்டினம் என்ற பெயரைப் பாருங்கள், உள்ளே என்று ஒன்று இருந்ததால்தானே வெளி. அந்த மதில் இன்று இல்லை. அரண் போய் மனை மட்டும் நிற்கிறது என்று சொல்லலாம். உங்கள் வேனில் வருகிறவர்கள் பார்ப்பது அந்த மனையிலும் ஒரு பகுதியைத்தான்.

இராமலிங்க விலாசம் அரசர் படுத்துச் சாப்பிட்டுக் குடும்பம் நடத்திய வீடு என்று நினைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான் வரும். அது கொலு மண்டபம். அரசர் ஆட்சி செய்யக் கொலுவிருந்த இடம். கொலு என்ற சொல் தெலுங்குக் கொலுவில் இருந்து வந்தது, அரசர் சபையில் வீற்றிருப்பது என்று பொருள். நவராத்திரிக்கு வீட்டில் படிகட்டிப் பொம்மை வைக்கிறோமே, அந்தக் கொலுவும் இதுதான். அம்பாள் அரசியாக வீற்றிருக்கிறாள். அரண்மனைக்குள் இருக்கும் ராஜராஜேஸ்வரி அம்மன் கோயிலில் நவராத்திரி விசேஷம் என்பது உங்களுக்கே தெரியும். வீட்டுக் கொலுவும் அரண்மனைக் கொலுவும் ஒரே ஊரில் ஒரே ஒன்பது நாளில் நடக்கின்றன.

அந்தக் கட்டடத்தின் அமைப்பைப் பாருங்கள். முதலில் தூண்கள் நிறைந்த அகன்ற மண்டபம். அதைத் தாண்டி இன்னொரு மண்டபம். அதற்கும் உள்ளே ஒடுங்கிய ஓர் அறை, அங்கே இராமர் பீடம். மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று கோயிலுக்குப் போடுகிற அதே வரிசை. அரசனின் வீடும் தெய்வத்தின் வீடும் கோயில் என்ற ஒரு சொல்லுக்குள் இருந்ததைச் சொன்னேனே, அந்தச் சொல்லைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிவைத்தது போல இருக்கிறது. கிழவன் சேதுபதிக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், வெள்ளைக்காரர்களைச் சந்திப்பது, ராஜராஜேஸ்வரி அம்மன் கையால் அரசர் செங்கோல் பெறுவது, இராமாயணம், பாகவதம் எல்லாம் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில். வருகிறவர்களை அங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும் இங்கேதான். பேச்சு முற்றிக் கைகலப்பாகி, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கதையைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தக் கதையின் ஒரு திருப்பம் நடந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொன்னாலே உடம்பு சிலிர்க்கும்.

விலாசம் வடமொழியில் இருந்து வந்த சொல். விளையாட்டு, ஒயில், பொலிவு, இன்பமாகக் கொலுவிருப்பது என்று அதற்குப் பொருள். பக்கத்துச் சிவகங்கை அரண்மனைக்கு கௌரி விலாசம் என்று பெயர். இந்தச் சீமையில் ஆட்சி மண்டபத்துக்குத் தெய்வத்தின் பெயரைச் சேர்த்து விலாசம் என்று சொல்வது அன்றைய வழக்கம். இராமலிங்கம் என்றால் ராமேஸ்வரத்தில் இராமர் வழிபட்ட லிங்கம். ஆக, அந்தப் பெயரின்படி அங்கே வீற்றிருப்பவர் இராமநாத சுவாமி, சேதுபதி அவருடைய சேதுவைக் காப்பவர். சேது காவலர் என்பதே அவர்களுடைய பட்டம். இன்று நமக்கு விலாசம் என்றால் கவரில் எழுதுகிற முகவரி. செட்டிநாட்டில் கடை முத்திரையாகப் போடும் எழுத்துகளையும் விலாசம் என்பார்கள். "விலாசத்துக்கு விலாசம் என்ன?" என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டுச் சிரிப்பார்கள், ஆனால் அப்படிக் கேட்ட பிள்ளைகள் அந்தச் சொல்லை மறந்ததே இல்லை.

மஹாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரபியில் வந்து இறங்கித் தங்கும் இடம் என்ற பொருளில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் 1636-ல் கட்டியதை ஊர்க்காரர்கள் மஹால் என்றே சொல்கிறார்கள். மற்றபடி இன்றைய தமிழில் மஹால் என்றால் கல்யாண மண்டபம். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் மஹல்லா ஜமாத் என்கிறார்களே, அந்த மஹல்லாவும் இதே வேரில் இருந்து வந்ததுதான். ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்கள் தங்கியிருக்கும் பகுதி. கொட்டாரம் என்று கேரளத்துக்காரர்கள் சொன்னால் அவர்களுக்கு அது அரண்மனை. நம் பழைய வழக்கில் கொட்டாரம் நெல் சேர்த்து வைக்கும் இடம். இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மலையாளிகள் உங்கள் வேனில் அடிக்கடி வருவார்கள்.

சரி, "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? காலையில் ராமேஸ்வரத்தில் அவர்கள் மூன்றாம் பிரகாரம் சுற்றி வந்திருப்பார்கள். முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த அந்தப் பிரகாரத்தில் 1212 தூண்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். கண் எட்டும் தூரம் வரை வரிசை முடியாது. பாறையே இல்லாத மணல் தீவுக்கு வெளியூரில் இருந்து கல் கொண்டுவந்து, கடல் தாண்டிச் சேர்த்துக் கட்டியது. அதைக் கட்டிய பரம்பரையும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்த பரம்பரையும் ஒன்றுதான் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டு அவர்களை உள்அறைக்குக் கூட்டிப்போய் இராமர் பீடத்தைக் காட்டுங்கள். பட்டத்துக்கு வரும் சேதுபதி அங்கேதான் அபிஷேகம் செய்துகொள்வாராம். அப்புறம் மாடிக்கு ஏற்றுங்கள், சாயந்திரம் மேலே நல்ல காற்று வரும்.